பட்டைக்குள் இருந்த கை

வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. மடத்துக்குளத்திலிருந்து தெற்கிலும் தென்மேற்கிலும் தெரிகிற மலைகளுக்குள், ஆனைமலைத் தொடரில் அது இருக்கிறது. பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைப் படிக்கிற பலருக்கு அது ஒரு மரத்தின் பெயர் என்பது தெரியாது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது என்பது மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்தப் பட்டைக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கடந்த 40, 45 ஆண்டுகளாக வேதியியலாளர்கள் பிளாட்டினம் என்ற உலோகத்தின் மேல் அந்தப் பட்டையின் சத்தைத் துளியளவு பூசுகிறார்கள். பூசிய பிறகு, இடது வலது தெரியாத அந்த உலோகம் இடதையும் வலதையும் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது.

அறிவியல் நூல்களில் இது ‘ஒரிட்டோ வினை’ என்று ஒரு ஜப்பானியரின் பெயரால் வழங்குகிறது. அந்தப் பட்டை யாருடைய மலையில், யாருடைய உழைப்பில் வளர்ந்தது என்பது வேறு அலமாரியில், தோட்ட வரலாறு என்ற தலைப்பில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க ஆளில்லை. பெண்களான நாம் இதைச் சேர்த்துப் படிப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் உலோகப் பரப்பு. இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. திருப்பூர் பனியன் துணி வெள்ளையாவது ஹைட்ரஜன் பெராக்சைடில். அந்தப் பெராக்சைடு பெரும்பாலும் பல்லேடியம் என்ற உலோகத்தின் உதவியால் தயாராகிறது. ஆந்த்ரோகுயினோன் என்ற கரிமப் பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்ப்பதற்கு பல்லேடியத் துகளின் பரப்பு வேண்டும். பிறகு அந்தப் பொருளின் மேல் காற்றைச் செலுத்தினால் பெராக்சைடு கிடைக்கும். வெளுக்கும்போது துணியில் எங்கேயாவது ஒரு புள்ளி இரும்புத் துரு ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு வெறிபிடித்ததுபோலச் சிதைந்து நூலை அரித்துவிடும், துணியில் பொடி ஓட்டை விழும். செக்கிங் மேசையில் அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கண். அவள் பார்ப்பதும் உலோகப் பரப்பின் வேலைதான். வேண்டிய இடத்தில் நடந்தால் அதை வினையூக்கம் என்கிறோம், வேண்டாத இடத்தில் நடந்தால் ‘டேமேஜ்’.

1897இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் பால் சபாத்தியே, ஜான் பாப்டிஸ்ட் செண்டெரென்ஸ் இருவரும் எத்திலீன் வாயுவையும் ஹைட்ரஜனையும் நிக்கல் பொடியின் மேல் செலுத்தினார்கள். கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்களில் எத்திலீன் எளிமையான ஒன்று. அதன் இரட்டைப் பிணைப்பு திறந்து ஹைட்ரஜன் ஏறிக்கொண்டது. நிக்கல் அப்படியே மிஞ்சியது. 1912இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, பாதிரியாரான செண்டெரென்ஸுக்குக் கிடைக்கவில்லை. இதே நிக்கல்தான் பின்னாளில் கடலை எண்ணெயைக் கெட்டியாக்கி டால்டாவாக நம் அடுப்படிக்கு அனுப்பியது.

பரப்பில் என்ன நடக்கிறது என்பதை 1934இல் ஜூரோ ஹோரியுட்டியும் மைக்கேல் போலன்யியும் விளக்கினார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகத்தின் மேல் வந்து உட்கார்ந்ததும் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. எத்திலீன் போன்ற மூலக்கூறும் பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒன்று முதலில் ஏறும், அது பாதி வேலை. அந்தப் பாதி நிலையிலிருந்து முன்னே போகலாம், பின்னேயும் போகலாம். பின்னே திரும்பும்போது மூலக்கூறு புரண்டு வேறு வடிவத்தில் வெளியே வரக்கூடும். டால்டாவில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இப்படிப் பாதியில் திரும்பிய மூலக்கூறுகள்தான். 1934இலேயே வேதியியலாளர்களுக்குப் புரிந்திருந்த திருப்பம் இது. அந்தக் கொழுப்பு இதயத்துக்கு என்ன செய்கிறது என்று வலுவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 1993இல் வந்தது. அமெரிக்க செவிலியர்கள் 85,000க்கும் மேற்பட்டோர் நிரப்பிக் கொடுத்த உணவுப் படிவங்களும் அவர்களுடைய நோய்க் கணக்கும்தான் அதன் ஆதாரம். இந்தியாவில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2022இல். நடுவில் எத்தனை தீபாவளிப் பலகாரம் பொரிந்திருக்கும்!

பரப்பைப் பற்றிய இந்த அறிவியலுக்கே ஒரு பாத்திரம் கழுவும் தொட்டியில் தொடக்கம் உண்டு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண் இருந்தார், பிறப்பு 1862. அங்கே அப்போது பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தம்பி இயற்பியல் படிக்கப் போனான், அக்கா நோயாளிகளான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் கலந்த நீரின் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்கத் தொடங்கினார். ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை, ஒரு பொத்தானைத் தொங்கவிட்ட தராசு, அவ்வளவுதான் கருவிகள். பத்தாண்டு வேலைக்குப் பிறகு 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலேயின் மனைவி அதை மொழிபெயர்க்க உதவினார், அது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்தத் தொட்டியின் வழித்தோன்றலை வைத்து ஆராய்ந்த இர்விங் லாங்மியருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு பாக்கல்ஸுக்கு ஒரு கௌரவ முனைவர் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 70.

இனி ‘கை’. நம் வலது கையும் இடது கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். விரல் எண்ணிக்கை ஒன்று, அமைப்பு ஒன்று. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை அச்சாக வைக்க முடியாது, வலது கையுறை இடது கைக்குப் பொருந்தாது. பல மூலக்கூறுகளும் இப்படித்தான். இதைக் கைரல் தன்மை என்கிறார்கள், கிரேக்க மொழியில் கைக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். வலங்கை, இடங்கை என்று சாதிகளைப் பிரித்து நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட ஊர் நம்முடையது. நமக்கு இந்தச் சொல் புரிவதற்குச் சிரமம் இருக்காது.

மடத்துக்குளம் வட்டாரத்தில் இதை வேலையாகவே பார்த்தவர்கள் உண்டு. கிருஷ்ணாபுரத்தில் இருக்கிற அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற எந்தச் சர்க்கரை ஆலையிலும் ஆய்வகத்தில் போலாரிமீட்டர் என்ற கருவி இருக்கும். கரும்புச் சாற்றின் வழியாகத் தளமுனைவுற்ற ஒளியை அனுப்பினால் சர்க்கரை அந்த ஒளியை வலப்பக்கமாகத் திருப்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்துச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று கணக்கிடுவார்கள். விவசாயி கேட்கிற ‘பிழிதிறன்’ கணக்குக்கு அடியில் மூலக்கூறின் கை இருக்கிறது. கரும்பு தன் சர்க்கரையை ஒரு கையாகத்தான் செய்யும். பட்டுப்புழுவும், புளியமரமும், நம் உடம்பும் அப்படித்தான்.

உடம்பு ஒரு கையாக இருப்பதால் மருந்தும் கை பார்த்துத்தான் பொருந்தும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம் இருக்கிறது. ‘லெவோ’ என்றால் இடது. முன்பு இதே மருந்து இரண்டு கைகளும் சரிபாதி கலந்த நார்ஜெஸ்ட்ரலாக, மாத்திரைக்கு 0.30 மில்லிகிராம் என்று கொடுக்கப்பட்டது. வேலை செய்தது இடது கை மட்டும்தான். மீதிப் பாதியைப் பெண்கள் சும்மா விழுங்கினார்கள், அவர்களுடைய கல்லீரல் அதைச் சும்மா வெளியேற்றியது. எந்தப் பெண்ணிடமும் யாரும் இதை எடுத்துச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவளுக்கும் ‘லெவோ’ என்றால் என்ன என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஆய்வகத்தில் சாதாரணமாக ஒரு மூலக்கூறைச் செய்தால் இரண்டு கைகளும் சரிசமமாக வரும். நிக்கல், பிளாட்டினம், பல்லேடியம் எதுவானாலும் அவற்றின் தட்டையான பரப்பில் இடமும் இல்லை, வலமும் இல்லை. வந்து ஒட்டுகிற மூலக்கூறு எந்த முகத்தைக் கீழே வைத்து ஒட்டினாலும் உலோகத்துக்கு ஒன்றுதான். ஒரு கையை மட்டும் வேண்டுமென்றால், ஏற்கெனவே கையுள்ள எதையாவது வெளியிலிருந்து கொண்டுவந்து அங்கே வைக்க வேண்டும்.

1956இல் ஜப்பானின் ஒசாக்காவில் அகபோரி ஷிரோ, இசுமி யோஷிஹாரு ஆகியோர் அடங்கிய குழு அதற்குப் பட்டு நூலைத் தேர்ந்தெடுத்தது. பட்டின் புரதத்தின் மேல் பல்லேடியத்தைப் படியவைத்து ஹைட்ரஜன் ஏற்றினார்கள், விளைந்த அமினோ அமிலத்தில் ஒரு கை சற்று அதிகமாக வந்தது. பிறகு இசுமி நிக்கலுக்கு மாறினார். 1960களில் அவர் நிக்கல் துகளை டார்டாரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். டார்டாரிக் அமிலம் திராட்சையில் உண்டு, நம் புளியில் ஏராளமாக உண்டு. இரண்டிலும் இருப்பது ஒரே கை. மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் உடுமலை, மடத்துக்குளம் பக்கம் நாம் தினம் பார்ப்பவை. தழை நறுக்குவது, புழுவுக்குப் போடுவது, கூடு பிரிப்பது, புளி தட்டிக் கொட்டை எடுப்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் கணக்கில் வராத வேலை. ஒசாக்காவின் பட்டு நம் ஊர்ப் பட்டு என்று நான் சொல்லவரவில்லை. உயிருள்ளவற்றின் கையை உலோகத்துக்குக் கடன் கேட்கப் போனபோது வேதியியல் போய் நின்ற வாசல்கள் இவை என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது வாசல் சின்கோனாப் பட்டை. அது உலோகத்தின் மேல் என்ன செய்தது என்று பார்க்கும் முன், அது நம் மலைக்கு எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பெருவின் ஸ்பானிய ஆளுநரான சின்சோன் பிரபுவின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது, இந்தப் பட்டைப் பொடியால் குணமானது, அவர்தான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார் என்று 1663இல் ஓர் இத்தாலிய மருத்துவர் எழுதினார். அதை நம்பி 1742இல் லின்னேயஸ் மரத்துக்கு அந்தச் சீமாட்டியின் பெயரை வைத்தார், எழுத்துப் பிழையோடு. 1941இல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் பிரபுவின் நாட்குறிப்புகளைப் பார்த்தார். முதல் மனைவி பிரபு பெரு போவதற்கு முன்பே ஸ்பெயினில் இறந்துபோயிருந்தார். கூடப்போன இரண்டாம் மனைவி அங்கே நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். பட்டையைச் சாப்பிடாத ஒரு பெண்ணின் பெயர் மரத்துக்கு நிலைத்துவிட்டது. ஆண்டீஸ் மலையில் அந்த மரத்தை இனம்கண்டு வைத்திருந்த பூர்வகுடிகளின் பெயர் எதுவும் அதில் ஒட்டவில்லை.

கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் 1860இல் ஆண்டீஸிலிருந்து விதையும் கன்றுகளும் எடுக்கப்பட்டன. எடுத்துச் செல்ல அந்த நாடுகள் அனுமதிக்கவில்லை என்பதை மார்க்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த ‘சிவப்புப் பட்டை’ இனம் நீலகிரியில் நன்றாகப் பிடித்தது. உதகை அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் போட்டார். மரத்தை வெட்டாமல் பட்டையைப் பட்டைபட்டையாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்ற முறை அவருடையது. ஒரு மரத்தை எத்தனை முறை உரிக்கலாம் என்று கணக்குப் போட்ட முறை.

தோட்டம் போட ஆள் வேண்டும். ஜலசந்திக் குடியேற்றங்கள் என்று அழைக்கப்பட்ட சிங்கப்பூர், பினாங்குப் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவர்களுக்குச் சிறைக் கொட்டடிகள் இருந்தன. விடுதலையானவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள், பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள்.

இது நமக்குத் தெரிவது எட்கர் தர்ஸ்டன் வழியாக. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த அவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே போனார், தன் அளவுகோலோடு. தகப்பன், தாய், பிள்ளைகள் என்று எல்லோரையும் அளந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், நிறம். அந்தப் பெண்கள் ஆவணத்துக்குள் வந்தது அப்படித்தான், மில்லிமீட்டராக. சாதிக்கும் அப்பால், மொழிக்கும் அப்பால் ஒரு கைதியோடு மலைச்சரிவில் வாழ்க்கையைத் தொடங்கிய அந்தப் பெண்களின் பெயரை அவர் கேட்டு எழுதவில்லை. தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை என்பது என் எண்ணம். சின்கோனா வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற பக்கம் மார்க்கமுடையது இல்லை, இதுதான்.

நீலகிரிச் சிவப்புப் பட்டையில் ஒரு ‘குறை’ இருந்தது. லண்டன் சந்தை விரும்பிய குயினைன் அதில் குறைவு, சின்கோனிடின் என்ற மற்றொரு ஆல்கலாய்டு கணிசமாக இருந்தது. சின்கோனா மரத்தில் முக்கியமான ஆல்கலாய்டுகள் நான்கு: குயினைன், குயினிடின், சின்கோனிடின், சின்கோனின். நான்கையும் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க 1866இல் சென்னை அரசு ஒரு குழு அமைத்தது. சின்கோனின் கொஞ்சம் பின்தங்கினாலும் நான்குமே காய்ச்சலைத் தணிக்கின்றன என்று கண்டார்கள். ஆனாலும் சந்தை குயினைனைத்தான் கேட்டது. சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகருக்காக பொலிவியாவில் மானுவேல் இங்க்ரா மாமானி என்ற ஐமாரா இனத்தவர் சேகரித்துக் கொடுத்த விதை, குயினைன் மிகுந்த இனம். அதை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் போட்டார்கள். உலகச் சந்தை ஜாவாவின் கைக்குப் போனது. விதை கொடுத்த மாமானி சிறையில் அடிபட்டு இறந்தார். நம் மலைப் பட்டை இரண்டாந்தரமாகிப்போனது.

ஆனைமலையில் அரசு சின்கோனாத் தோட்டம் வந்தது 20ஆம் நூற்றாண்டில். அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மலேரியா மருந்து விளைந்த அதே மலையில் கூலிகள் மலேரியாவில் செத்தார்கள். அந்தத் தோட்டங்களின் கங்காணி முறையையும் காய்ச்சலையும் மருத்துவராக அங்கே வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும், இரத்தசோகையும் கருச்சிதைவும் கூடவே வரும். வேண்டாத கர்ப்பத்தைக் கலைக்கப் பெண்கள் கொய்னாவை அளவுக்கு மீறி விழுங்கி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்ட செய்திகள் பல நாட்டு மருத்துவக் குறிப்புகளில் உண்டு. தோட்டத்தில் பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு என்பது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. சம ஊதியச் சட்டம் வந்தது 1976இல். 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைமடுவம் இருக்க வேண்டும் என்பதற்கே 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேவைப்பட்டது.

செயற்கை மருந்துகள் வந்ததும் பட்டைக்கு மதிப்புப் போனது. மரத்தின் கதை அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், 1979இல், யோஷியோ ஒரிட்டோவும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிளாட்டினத் துகளை சின்கோனிடின் கரைசலில் நனைத்து எடுத்து, மீத்தைல் பைருவேட் என்ற பொருளுக்கு ஹைட்ரஜன் ஏற்றினார்கள். வெறும் பிளாட்டினமாக இருந்தால் இரண்டு கைகளும் 50க்கு 50 வரும். பட்டைச் சத்து ஏறிய பிளாட்டினத்தில் ஒரு கையே பெரும்பான்மையாக வந்தது. பின்னால் வந்தவர்கள் முறையைச் செம்மைப்படுத்தி, 100 மூலக்கூறில் 95க்கு மேல் ஒரே கையாகக் கொண்டுவந்தார்கள். சின்கோனிடினுக்குப் பதிலாக சின்கோனின் போட்டால் எதிர்க்கை வந்தது. ஒரே மரம், ஒரே பட்டை, அதில் ஏறக்குறையக் கண்ணாடிப் பிம்பங்களான இரண்டு பொருள்கள். லண்டன் சந்தை ஒதுக்கிய சின்கோனிடின் இங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டது. நீலகிரிப் பட்டையின் ‘குறை’ என்று எழுதிவைத்தார்களே, அதே பொருள்தான்.

எப்படி நடக்கிறது? சின்கோனிடின் மூலக்கூறுக்கு இரண்டு பாகம். ஒன்று தட்டையான குயினோலின் வளையம், ஹைட்ரோகார்பன் வளையங்களைப் போல அது பிளாட்டினத்தின் மேல் பாய் விரித்தாற்போலப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று நைட்ரஜன் கொண்ட ஒரு கூண்டு, அது மேலே தூக்கி நிற்கும். படுத்த வளையத்துக்கும் நிற்கிற கூண்டுக்கும் நடுவே ஒரு மூலை உருவாகிறது. பைருவேட் வந்து அந்த மூலையில் ஒரு முகத்தை வைத்துத்தான் வசதியாக ஒட்ட முடியும், மறுமுகம் இடிக்கும். ஒட்டிய முகத்தில் ஹைட்ரஜன் ஏறுகிறது, கை தீர்மானமாகிவிடுகிறது. வினையின் வேகமும் பல மடங்கு கூடுகிறது.

கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பிரான்சிஸ்கோ ஸேராவும் குபோட்டாவும் 2001இல் அகச்சிவப்பு ஒளியால் இதைப் பார்த்தார்கள். கரைசலில் சின்கோனிடின் மிதமாக இருந்தால் வளையங்கள் படுத்திருக்கின்றன, வினையும் நன்றாக நடக்கிறது. அதிகமாகிவிட்டால் இடநெருக்கடியில் வளையங்கள் சாய்ந்து எழுந்து நிற்கின்றன. மூலை கலைந்துபோகிறது, கைத்தேர்வும் சரிகிறது. இன்னொரு நுட்பம் உண்டு. வினை நடக்க நடக்க அந்த வளையத்தின் மேலேயே ஹைட்ரஜன் ஏறிவிடும். ஏறிய வளையத்தால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது, அது கழன்று போய்விடும். பிளாட்டினம் அப்படியே இருக்கும். பட்டைச் சத்தை மட்டும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து சிபா-கெய்கி நிறுவனத்தில் ஹான்ஸ்-உல்ரிச் பிளேசரின் குழு, பெனசெப்ரில் என்ற இரத்தக்கொதிப்பு மருந்துக்கான இடைப்பொருளை இந்த வழியில் செய்தது. பெனசெப்ரில் சேர்ந்த மருந்துக் குடும்பம் கருவுக்குக் கேடு என்பதால் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது. மாத்திரையை எழுதிக்கொடுக்கிற அவசரத்தில் இதைக் கேட்காமல் விடுகிற மருத்துவர்கள் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தாவரங்களின் ஆல்கலாய்டுகளில் எந்த அணு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிற வேலையை இந்தியாவில் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரு பெண் இருந்தார், கல்கத்தாவின் அசீமா சாட்டர்ஜி. 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். நித்தியகல்யாணி, சர்ப்பகந்தி போன்ற நம் செடிகளின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தார், மலேரியாவுக்கான தாவர மருந்திலும் வேலை செய்தார். 1961இல் வேதியியலுக்கான பட்நாகர் பரிசு கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நம் பாடப்புத்தகங்களில் கைரல் தன்மைக்கு பாஸ்டரின் டார்டாரிக் படிகங்களைச் சொல்கிறார்கள். 1853இல் அதே பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தின் இரண்டு கைகளைப் பிரிக்கப் பயன்படுத்தியது சின்கோனா ஆல்கலாய்டிலிருந்து பெற்ற பொருளைத்தான் என்பதையும் சொல்லலாம். சாட்டர்ஜியையும் சொல்லலாம். நீலகிரியும் ஆனைமலையும் பக்கத்திலேயே இருக்கிற நம் மாணவிகளுக்கு இது தூரத்துக் கதையாக இருக்க வேண்டியதில்லை.

வால்பாறைப் பக்கத்துச் சின்கோனா இன்று அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உருவானது அந்தக் கழகம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி நாள்கணக்கு, அதற்கு மேல் பறித்தால் கிலோக்கணக்கு. ஊருக்குப் பெயர் கொடுத்த பட்டையை உரித்த தலைமுறையின் பேத்திகளும், கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்தவர்களின் மகள்களும் அங்கே ஒரே வரிசையில் நின்று எடை போடுகிறார்கள்.